ஐந்து இரவு, ஆறு பகல்

நேபாளம் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாள்?" என்பதுதான். பத்தில் ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஐந்து இரவு, ஆறு பகல்.

யார் வைத்த கணக்கு இது? வருஷத்துக்கு எண்ணிப் பத்து நாள் லீவு கிடைக்கிற ஐடி பையன் சொன்னால் எனக்குப் புரியும். சனி ஞாயிறைச் சேர்த்து, நடுவில் ஒரு தீபாவளியை ஒட்டவைத்து, மேனேஜர் கையைக் காலைப் பிடித்து அவன் கிளம்புகிறான். ஆனால் இதைச் சொல்வது அறுபத்தெட்டு வயதுக்காரர். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதைத் தவிர வேறு எந்தக் கெடுவும் இல்லாதவர். முப்பத்தைந்து வருஷம் லீவு லெட்டர் எழுதி எழுதிக் கை ஓய்ந்து, கடைசியில் யாரிடமும் லீவு கேட்க வேண்டாத நிலைக்கு வந்த பிறகு, லீவே இல்லாதவனுடைய பயணத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். இந்த அநியாயத்தைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு பகலைப் பிரித்துப் பாருங்கள். எனக்கு வந்த நோட்டீஸ்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. முதல் நாள் மாலை காத்மாண்டு. இரண்டாம் நாள் முழுக்க பஸ்ஸில் பொக்காரா. 200 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலை, ஒரு பகலை விழுங்கிவிடும். மூன்றாம் நாள் முக்திநாத் தரிசனம், இரவு ஜோம்சோம். நான்காம் நாள் திரும்பப் பொக்காரா. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே பஸ், அதே சாலை. ஆறாம் நாள் காலை பசுபதிநாதர், பிறகு விமான நிலையம். நோட்டீஸின் மேலே மட்டும் பெரிய எழுத்தில் "நேபாள தரிசனம்". தரிசனம்தான், பஸ் ஜன்னலுக்கு.

இதில் இரண்டு குற்றங்கள் இருக்கின்றன. ஒன்று நகரங்களுக்குச் செய்வது. மற்றொன்று நம் உடம்புக்குச் செய்வது.

முதலில் நகரங்கள். காத்மாண்டு பள்ளத்தாக்கில் இருப்பது ஒரு நகரம் அல்ல, மூன்று. காத்மாண்டு, பாகமதி ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாடன், கிழக்கே பதின்மூன்று கிலோமீட்டரில் பக்தபூர். 1482-இல் யக்ஷ மல்லன் இறந்ததும் ராஜ்ஜியம் வாரிசுகளிடையே பிரிந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட முந்நூறு வருஷம், கோர்க்காவிலிருந்து பிருத்வி நாராயண் ஷா வந்து மூன்றையும் பிடிக்கிற வரை, பங்காளிகள் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். பாடனில் சித்தி நரசிம்ம மல்லன் 1637-இல் முழுக்கக் கல்லாலேயே ஒரு கிருஷ்ணன் கோயில் எழுப்பினான். பக்தபூரில் பூபதீந்திர மல்லன் 1702-இல் ஐந்து அடுக்குக் கூரையோடு நியாதபோலாவைக் கட்டினான். பங்காளிச் சண்டையில் ஊருக்கு இப்படி நன்மை விளைந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நம் பக்கம் வரப்பு வழக்கில்தான் முடியும்.

அந்த நியாதபோலா 1934 பூகம்பத்தையும் தாண்டியது, 2015 ஏப்ரல் 25 பூகம்பத்தையும் தாண்டியது. 7.8 ரிக்டர், ஏறக்குறைய ஒன்பதாயிரம் உயிர்கள். காத்மாண்டுவுக்குப் பெயர் கொடுத்த காஷ்டமண்டபம் அன்று தரைமட்டம் ஆனது. அதைப் பழைய முறைப்படி மரத்தாலேயே மறுபடி எழுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் பல கோயில்களில் பழைய தூணுக்குப் பக்கத்தில் புது மரம் வெளுப்பாகத் தெரியும். தச்சர் செதுக்கிக்கொண்டிருப்பதை நின்று பார்க்கலாம். பாடனில் மெழுகு வார்ப்பில் சிலை செய்கிற தெருக்கள் இருக்கின்றன. சுவாமிமலையில் நாம் பார்க்கிற அதே மெழுகு, அதே களிமண், அதே உலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்த நாட்டிலிருந்து போன அர்னிகோ என்ற கலைஞர்தான் குப்லாய் கானுக்காகப் பெய்ஜிங்கில் வெள்ளை ஸ்தூபியைக் கட்டினார். பாடன் அரண்மனை வாசலில் படி இறங்கிப் போனால் கல் மகரவாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஆறாம் நூற்றாண்டுத் துறை அது. தண்ணீர் பிடிக்க இன்னமும் குடங்களோடு வருகிறார்கள்.

இவ்வளவும் யுனெஸ்கோ பட்டியலில் 1979-லேயே ஏறிவிட்டவை. நம் ஆறு பகல் நோட்டீஸில் பாடன் இல்லை. பக்தபூர் இல்லை.

கோயிலுக்குத்தானே போகிறோம், ஊர் எதற்கு என்பீர்கள். சரி, கோயில் கணக்கிலேயே பேசுவோம். முக்திநாத் திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம், நியாயம். ஆனால் பக்தபூரிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் ஒரு குன்றின் மேல் சாங்கு நாராயணர் இருக்கிறார். கி.பி. 464-இல் மானதேவ மன்னன் வெட்டிய தூண் கல்வெட்டு அங்கே நிற்கிறது. உலகளந்த பெருமாளின் பழைய சிற்பம் ஒன்று திறந்த வெளியில் இருக்கிறது, பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம். பெருமாளுக்காகவே கிளம்பிய கூட்டத்தை, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பெருமாளுக்குப் பக்கத்து ஹோட்டலில் தூங்க வைத்துவிட்டு விடியற்காலை பஸ்ஸில் ஏற்றுகிறார்கள். பட்டியலில் டிக் போட முடியாத தெய்வம் என்பதால் அவருக்கு வண்டி நிற்காது!

இனி உடம்பு. இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நமக்குத் தெரிந்த பெரிய உயரம் ஊட்டி, அதற்கு மேல் தொட்டபெட்டா. 2,637 மீட்டர். ஜோம்சோம் ஊரே அதைவிட உயரத்தில், சுமார் 2,700 மீட்டரில் இருக்கிறது. முக்திநாத் சுமார் 3,700. பொக்காராவோ 800 சொச்சம்தான். காலையில் பொக்காராவில் இட்லி சாப்பிட்டவரை இருபது நிமிஷ விமானத்தில் ஜோம்சோமில் இறக்கி, உடனே ஜீப்பில் ஏற்றி, மதியத்துக்குள் 3,700 மீட்டரில் நிறுத்துகிறார்கள். போதாக்குறைக்கு அங்கே 108 பசுவாய்களிலிருந்து கொட்டும் பனித்தண்ணீரில் தலை நனைத்து ஓடி வர வேண்டும். ஹெலிகாப்டர் பேக்கேஜ் இன்னும் மோசம். உடம்பு என்ன நடக்கிறது என்று கேட்பதற்குள் இறக்கிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எழுபத்தொன்று வயது, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை. இப்படி ஒரு குழுவில் போனவருக்கு ஜோம்சோமில் இறங்கிய ஒரு மணி நேரத்தில் தலை பிளந்திருக்கிறது, வாந்தி வேறு. உடன் வந்த பயண மேலாளர், "காலையில சாப்பிடாம கிளம்பினீங்கம்மா, அதான். மேலே போனா சரியாயிடும்" என்றிருக்கிறார். மேலே போனால் சரியாகுமாம்! கூடவே வந்த ஒரு பெண்மணி, மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர், "டீச்சர், நீங்க ஜீப்ல ஏறக் கூடாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு தானும் தரிசனத்தை விட்டுவிட்டுக் கீழேயே தங்கிவிட்டார். இரண்டு பேரும் அடுத்த நாள் பத்திரமாகப் பொக்காரா வந்து சேர்ந்தார்கள். அந்த நர்ஸம்மாவுக்கு முக்தி எந்தக் கோயிலிலும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன்.

உயரத்தில் வரும் தலைவலிக்கு உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ள வேண்டும், வேறு காரணம் நிரூபணம் ஆகும் வரை. தலைவலியோடு மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். மூச்சு வாங்குவதும் நடை தள்ளாடுவதும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இருதயம், நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. இதில் ஒரு வரியைக்கூட எந்த நோட்டீஸிலும் நான் பார்த்ததில்லை. "ஜெயின் உணவு கிடைக்கும்" என்று மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது.

அடுத்தது அவசரம். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று பலமாகிவிடும். அதனால் ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டும். மேகம் வந்தால் அதுவும் இல்லை. 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் புறப்பட்ட சிறு விமானம் மலையில் மோதி, இருந்த 22 பேரும் போனார்கள். 2024 ஜூலையில் திரிசூலிக் கரையில் மலை சரிந்து இரண்டு பஸ்களை ஆற்றுக்குள் தள்ளியது. பயமுறுத்த எழுதவில்லை. மலை நாட்டில் "இன்று முடியாது" என்று ஒரு விமானியோ டிரைவரோ சொன்னால் "சரி" என்று சொல்கிற வசதி நம்மிடம் இருக்க வேண்டும். ஆறாம் நாள் மாலை விமானத்துக்குப் பணம் திரும்பாத டிக்கெட் எடுத்தவரிடம் அந்த வசதி இல்லை. நம்மிடம் இருக்கிறது, இருந்தும் அதைத் தூக்கி எறிகிறோம். டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகளும் தங்கள் லீவுக் கணக்கிலேயே நமக்கும் எடுத்துவிடுகிறார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் தேதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு வருஷம் முன்பு நானும் மனைவியும் பதினான்கு இரவு போனோம். பள்ளத்தாக்கில் ஐந்து, அதில் இரண்டு பக்தபூரின் உள்ளேயே. பகல் கூட்டம் போன பிறகு நியாதபோலாப் படியில் உட்கார்ந்து, மண் சட்டியில் ஜூஜு தௌ என்கிற தயிர் சாப்பிட்டோம். பொக்காராவில் இரண்டு. பிறகு ஜீப்பில் மெதுவாக: காலாபானியில் ஒரு இரவு, கக்பேனியில் இரண்டு. கக்பேனி ஆற்றங்கரையில் பித்ரு காரியம் செய்யலாம், நான் செய்தேன். அங்கிருந்து ஒரு காலை முக்திநாத் ஏறி, மாலையில் இறங்கி மார்ஃபாவில் ஆப்பிள் தோட்டத்துக்குப் பக்கத்தில் தூக்கம். அடுத்த இரவு பொக்காரா. மீதி இரண்டு இரவு சும்மா வைத்திருந்தோம். அதில் ஒன்றை மேகம் எடுத்துக்கொண்டது, இன்னொன்றை என் மனைவி பாடனில் செலவு செய்தாள்.

சாப்பாடு என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள். இதற்கு மதுரையிலிருந்து சமையல்காரரைக் கூட்டிப்போக வேண்டுமா என்ன?

செலவு கூடுமே என்றால், கூடும். பெரிய ஹோட்டலை விட்டுச் சின்ன விடுதியில் தங்கினால் அவ்வளவாகக் கூடாது. நம் நூறு ரூபாய்க்கு அங்கே நூற்று அறுபது. 1993-லிருந்து மாறாத விகிதம். விசா கிடையாது, பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கட்டும். போவதென்றால் அக்டோபர், நவம்பர், இல்லையேல் மார்ச், ஏப்ரல். மழைக்காலத்தில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். கடிகாரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னே தள்ளி வைக்க வேண்டும்.

"தனியாகப் போகத் தைரியமில்லை, ஏஜென்ட் இருந்தால்தான் சரிப்படும்" என்பவர்களும் இருக்கிறார்கள். ஏஜென்ட் இருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டவணையை நீங்கள் எழுதிக் கொடுங்கள். விமானம் ரத்தானால் கூடுதல் இரவு யார் செலவு, ஒருவருக்கு உடம்பு முடியாவிட்டால் அவரோடு இறங்கி வருவது யார் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வருகிற அக்டோபருக்கு நாங்கள் நான்கு தம்பதிகள் போகலாம் என்றிருக்கிறோம். போன வாரம் ஒரு ஏஜென்டிடம் பதினான்கு இரவு என்றேன். "சார், அவ்வளவு நாளுக்கு ஆள் சேராது" என்றார். "ஆளை நாங்க சேர்த்தாச்சு, நீங்க ஜீப்பை மட்டும் சேருங்க" என்றேன். விலை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.