உபகாரச் சம்பளமும் உழைப்பும்

திருகோணமலை உட்துறைமுக வீதி வழியே மாலைப்பொழுதிற் காற்று வாங்கச் செல்வது நமது நெடுநாள் வழக்கம். அவ்வீதியோரத்தில் ஒருவர் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக் கொடுக்கிறார். முன்னர் கடற்படையிற் பணியாற்றியவர். யுத்த காலத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலும், ஒரு காதின் கேள்வியும் போய்விட்டன. செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரிலே சாத்திவிட்டு, தாழ்ந்த பலகையொன்றில் அமர்ந்து, எண்ணெய் படிந்த கைகளால் அவர் எஞ்சினைப் பிரித்துப் போடும் நிதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதே ஒரு சுகம்.

சென்ற வாரம் அவ்விடத்துக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில் நாம் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் அவரைச் சுட்டிக்காட்டி, “அவருக்கென்ன குறை? அரசாங்கமும் குடுக்குது, இஞ்சையும் உழைக்கிறார். ரெண்டு பக்கத்தாலும் காசு!” என்றார். சொன்னவர் பொல்லாதவரல்லர். இளைப்பாறிய உத்தியோகத்தர். மாதந்தோறும் இளைப்பாற்றுச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு, மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்துப் பணம் பெறுபவர். அது இரண்டு பக்கத்துக் காசு என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

இதே கேள்வி மறுநாட் காலையில் வேறொரு கோலத்தில் நமது வாசற்படிக்கு வந்தது. உவர்மலையைச் சேர்ந்த ஒரு தாயார், கையிலே நீண்ட கடதாசி உறையொன்றுடன் வந்திருந்தார். அவருடைய மகன் இளமையிலேயே அமெரிக்கா சென்று, அந்நாட்டுப் படையிற் சேர்ந்து, போர்முனையில் இரு பாதங்களையும் இழந்தவர். முழு அங்கவீனர் என்று அரசாங்கம் அவருக்கு முழு உபகாரச் சம்பளம் வழங்குகிறது. அண்மையில் ஒரு கணினி நிறுவனம் அவருக்கு வேலை கொடுக்க முன்வந்திருக்கிறது. “வேலைக்குப் போனால் உள்ள பணத்தையும் நிப்பாட்டிப் போடுவாங்கள் எண்டு சிநேகிதர்கள் சொல்லுறாங்களாம், ஐயா. பகல் முழுக்க அறைக்குள்ளேயே கிடக்கிறான். அதுதான் எனக்குப் பயம்” என்றார் அந்த அம்மையார்.

முழு உபகாரச் சம்பளம் பெறும் ஒருவர் வேலையும் செய்யலாமா? செய்வது நியாயமா? இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதனாலேயே ஊர்வாய் பிழையாகப் பேசுகிறது.

நமது துறைமுகத்தோடு தொடர்புள்ள ஒருவரிலிருந்தே தொடங்குவோம். 1773-ஆம் ஆண்டில் ‘சீஹார்ஸ்’ என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கீழைக் கடல்களுக்கு வந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஹொரேஷியோ நெல்சன், அப்பயணத்தின்போது திருகோணமலையையும் கண்டு சென்றதாகச் சொல்வர். அச்சிறுவன் பிற்காலத்தில் 1794-இல் கோர்சிக்காத் தீவிலே வலக்கண்ணின் பார்வையை இழந்தான். 1797-இல் தெனெரீஃப் தீவைத் தாக்கியபோது வலக்கரத்தையும் இழந்தான். அவ்வாண்டே அவனுக்கு ஆண்டொன்றுக்கு 1,000 பவுண் உபகாரச் சம்பளம் விதிக்கப்பட்டது. ஒரு கண்ணும் ஒரு கையுமாக அவன் வீட்டிலே இருந்துவிடவில்லை. மறு ஆண்டே நைல் நதிமுகத்தில் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தான். 1801-இல் கோப்பன்ஹேகனிலும், 1805-இல் உயிரையே கொடுத்த ட்ரபால்கரிலும் அவன் போரிட்டது உபகாரச் சம்பளம் பெற்றுக்கொண்டேதான். ‘கைக்கும் பணம் வாங்குகிறான், கப்பலுக்கும் சம்பளம் வாங்குகிறான்’ என்று இலண்டன் தேநீர்க்கடைகளிலே யாரும் முணுமுணுத்ததாக நாம் படித்ததில்லை.

பெரிய தளபதிக்குக் கிடைத்த மதிப்பு சிறிய மாலுமிக்குக் கிடைத்ததா என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. ஸ்பானிய ஆர்மடாப் போருக்குப் பின்னர், ஏறக்குறைய 1590-இல், சாத்தம் என்னுமிடத்தில் காயமுற்ற மாலுமிகளுக்கென ஒரு நிதிப் பெட்டகம் வைத்தார்கள். அதற்கான பணமும் மாலுமிகளின் சம்பளத்திலிருந்தே மாதம் ஆறு பென்ஸாகப் பிடிக்கப்பட்டது. கால் போனவனுக்கு அது கொடுத்தது ஆண்டுக்கு 6 பவுண் 13 ஷில்லிங் 4 பென்ஸ்.

உபகாரச் சம்பளத்தை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்க முதலாவது உலக மகாயுத்தம் வரவேண்டியிருந்தது. அந்த யுத்தத்தின் தொடக்கத்தில், காயமுற்ற சிப்பாய் இனி எவ்வளவு உழைக்கக்கூடியவன் என்று பார்த்து, அதைக் கழித்தே பிரித்தானிய அரசாங்கம் கொடுத்து வந்தது. விளைவு யாதென்பதை நம் தாய்மாரே சொல்லிவிடுவர். உழைத்தால் குறையும் என்றால் எவன்தான் உழைக்கப் போவான்? 1917-ஆம் ஆண்டு அரச ஆணை இம்முறையை மாற்றியது. அன்று முதல், அதே வயதுடைய ஆரோக்கியமான ஒருவனோடு ஒப்பிட்டால் இவன் உடலில் இழந்தது எவ்வளவு என்பதே அளவுகோல். அவன் என்ன தொழில் செய்கிறான், எவ்வளவு சம்பாதிக்கிறான் என்பது கணக்கிலே சேராது. இரு கைகளும் போனால் நூற்றுக்கு நூறு. பார்வை முழுவதும் போனாலும் செவிப்புலன் அறவே அற்றுப்போனாலும் நூற்றுக்கு நூறு. ஒரு கண் போய் மற்றக்கண் நன்றாக இருந்தால் நாற்பது என்று அட்டவணையே உண்டு. நூற்றுக்கு நூறு பெற்றவன் மறுநாளே பாரமான உத்தியோகம் ஒன்றில் அமர்ந்தாலும் அந்த நூறு நூறாகவே இருக்கும்.

1916-இல் சோம் போர்க்களத்திலே பதினெட்டு வயதில் இரு கண்களையும் இழந்த இயன் ஃபிரேசர் என்பவர், 1924-இல் பாராளுமன்ற உறுப்பினரானார். கண்ணிழந்த படைவீரருக்கான ‘சென் டன்ஸ்ரன்’ நிறுவனத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமை தாங்கினார். அமெரிக்காவிலே மக்ஸ் கிளீலண்ட் 1968-இல் வியட்நாமில் இரு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். 1977-இல் முன்னாள் படைவீரருக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் அதே திணைக்களத்துக்கே அவர் தலைவராக நியமிக்கப்பட்டார். பின்னர் செனட் சபையிலும் இருந்து 2021-இல் காலமானார்.

நமது துறைமுகமும் இக்கணக்கிலே தன் பங்கைக் கொடுத்திருக்கிறது. 1942 ஏப்ரில் 9-ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னிரவே இத்துறைமுகத்தை விட்டு வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்று மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். ஏறத்தாழ அறுநூறு பேரை ‘வீற்றா’ என்ற வைத்தியக் கப்பல் மீட்டது. அவர்களிற் காயப்பட்ட மாலுமிக்கு இங்கிலாந்திலே மேற்சொன்ன அட்டவணை காத்திருந்தது. கடற்படைத் தளத்திலே சுமை தூக்கிய, இயந்திரம் ஓட்டிய நம்மூர்த் தொழிலாளியோ வேறு விதிக்கு உட்பட்டவன். இலங்கையின் 1934-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், இழந்த உறுப்பை அளப்பது ‘உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் போயிற்று’ என்ற கோலைக்கொண்டு. ஒரே பட்டினத்தில் ஒரே விதமான கை போனால், சீருடை போட்டவனுக்கு ஒரு கோல், போடாதவனுக்கு இன்னொரு கோல். இவ்விரு கோல்களும் மக்கள் மனத்திலே கலந்துவிட்டன என்பது நமது அபிப்பிராயம். தேநீர்க்கடைப் பெரியவர் படைவீரரைத் தொழிலாளியின் கோலால் அளந்தார். ‘உழைக்க இயலுமாயின் ஏன் கொடுக்கவேண்டும்’ என்பதே அவர் வாதம்.

ஆயினும் அவர் வாதத்துக்கு இடமளிக்கும் ஒருவகைச் சம்பளமும் உலகில் இல்லாமலில்லை. அம்மையாரின் மகனுக்குச் சிநேகிதர்கள் ஊட்டிய பயம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அமெரிக்காவில் நூறு வீதச் சம்பளத்துக்குச் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று, காயங்களின் அட்டவணைப்படியே நூறு பெறுவது. இங்கே ஒரு வேடிக்கையான கணிதம் உண்டு. ஐம்பது வீதக் காயம் இரண்டு இருந்தால் நூறு ஆகிவிடாது. முதற் காயம் பாதியை எடுத்துவிட, எஞ்சிய பாதியிலே பாதியைத்தான் இரண்டாவது எடுக்கும். ஆகவே எழுபத்தைந்து, அதைக் கிட்டிய பத்துக்கு உயர்த்தி எண்பது என்பர். எத்தனை காயங்களைக் கூட்டினாலும் நூறைத் தொடுவது எளிதன்று. ஆதலால் இரண்டாவது வழியை வைத்தார்கள். ஒரு காயம் அறுபது வீதமாவது, அல்லது பல காயங்கள் சேர்ந்து எழுபது வீதமும் அவற்றிலொன்று நாற்பதுமாவது இருந்து, அதனால் நிலையான வேலை எதையும் செய்ய முடியவில்லை என்று நிறுவினால், நூறு வீதத்துக்குரிய பணமே கொடுக்கப்படும்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகைதான் வருகிறது, பெயர்தான் வேறு. முதல்வகையார் எந்த வேலையும் செய்யலாம், சம்பளத்துக்கு வரம்பில்லை. இரண்டாம் வகையாருக்கு, வேலை செய்ய இயலாமையே பணத்தின் காரணம். வறுமைக் கோட்டுக்கு உட்பட்ட சிறு வருமானம் பொறுக்கப்படும். அதற்கு மேற்பட்ட வேலையைப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து செய்துவிட்டால், அச்சம்பளம் மீட்டெடுக்கப்படலாம். பிரித்தானியாவிலும் பழைய யுத்த உபகாரச் சம்பளத்தோடு, வேலைக்குத் தகுதியற்றோருக்கென ஒரு துணைப்படி தனியாகச் சேர்க்கப்படுவதுண்டு. உழைப்பு தொடுவது அந்தத் துணைப்படியை மட்டுமே. இந்தியாவிலோ சம்பளத்தையே சேவைக்கு ஒரு கூறு, அங்கவீனத்துக்கு ஒரு கூறு எனப் பிரித்து எழுதுகிறார்கள்.

மனத்திலே காயப்பட்டவர் விஷயம் இன்னும் நுட்பமானது. அமெரிக்க அட்டவணையில் மனநோய்க்கு நூறு வீதம் என்பது, தொழிலிலும் சமூக வாழ்விலும் முழுமையான முடக்கம் என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அத்தகையவர் முழுநேர வேலைக்குப் போனால், மீண்டும் பரிசோதிக்க அழைக்கப்படலாம். கால் இழந்தவனை வேலை சுகப்படுத்திவிடாது என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது; மனம் நொந்தவன் எழுந்து நடந்தால் மட்டும் சந்தேகிக்கிறது. இது நமக்கு உடன்பாடன்று. அறையை விட்டு அவன் வெளியே வருவதே பெரும்பாடு. வந்தவனைக் கண்டு கணக்கைத் திறப்பது எந்த ஊர் நியாயம்?

இலங்கையில் காயமுற்ற படையினர் பலர் படையை விட்டு நீங்காமலே, இயன்ற இலகு பணிகளில் அமர்த்தப்பட்டு வந்தனர். அவர்களின் நலனுக்கென 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை நிறுவப்பட்டது. ஆயினும் குறைந்த சேவைக் காலத்தோடு வைத்தியக் காரணத்தால் விலக்கப்பட்டோருக்கு முழு இளைப்பாற்றுச் சம்பளம் கிட்டவில்லை. 2017 நவம்பரில் அவர்கள் ஊன்றுகோல்களுடன் கொழும்பு வீதியில் நின்றதை நாடு பார்த்தது. பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிரம்பாமற் கால் போனால் அது சிறிய கால் ஆகிவிடுமா என்ற கேள்விதான் அவர்கள் கேட்டது.

எதிர்ப்பக்கத்தில் நின்று உறுப்பிழந்தோருக்கும், எப்பக்கமும் நில்லாது வயலிலும் கடலிலும் உறுப்பிழந்தோருக்கும் இத்தகைய அட்டவணை ஒன்றுமே இல்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் கும்புறுப்பிட்டியிலும் அத்தகையோர் வாழ்கின்றனர். அரசாங்க உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்று இடம் அங்கவீனருக்கு என்று 1988-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. அம்மூன்றைத் தேடிக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கும் பட்டதாரிப் பிள்ளைகளை வாசகர்களும் அறிவார்கள். உபகாரச் சம்பளமும் இல்லை, உழைப்பும் இல்லை என்று இருப்போரைப் பற்றித் தேநீர்க்கடை பேசுவதில்லை.

அம்மையாரின் கதைக்கு வருவோம். உறையிலிருந்த கடிதத்தின் பிரதியை நாம் வரிவரியாகப் படித்தோம். இரு பாதங்களின் இழப்பு, அட்டவணைப்படி நூறு வீதம், நிரந்தரமானது என்று அதில் எழுதியிருந்தது. ‘வேலை செய்ய இயலாமை’ என்ற சொல் எங்கும் காணப்படவில்லை. அதை அவருக்கு இருமுறை விளக்கி, ஒரு துண்டுக் கடதாசியில் தமிழிலே எழுதியும் கொடுத்தோம். எதற்கும் அங்குள்ள முன்னாள் படைவீரர் சங்கமொன்றில் கடிதத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுமாறும் சொன்னோம்.

“அப்ப அவன் போகலாமோ, ஐயா?”

“போகலாம், அம்மா.”

அவர் உடனேயே தொலைபேசியைக் கையில் எடுத்தார். காலை பத்து மணி. மகன் இருக்கும் கிழக்குக் கரையிலே அப்பொழுது நள்ளிரவு கடந்திருக்கும். மாலை ஆறரை மணி வரை பொறுத்திருக்கச் சொல்லி, அந்தத் துண்டுக் கடதாசியை உறைக்குள் வைத்துக் கொடுத்தோம்.