டி.எஸ்.எல்.ஆர். வீடியோ: படம் போதும், ஒலியைக் கவனியுங்கள்

சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் திருச்சியில் உள்ள உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கம்ப்யூட்டர் வாங்கியாச்சு. வீட்டில் ஒரு சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருக்கு. வீடியோ எடுக்க அது போதுமா, இல்லை புதுசா வாங்கணுமா?" அதுவே போதும் என்பதுதான் என் பதில். கையில் பணம் இருந்தால் ஒலிக்கும், எடுத்த வீடியோவைப் பாதுகாப்பதற்கும் செலவு செய்யுங்கள்.

வீடியோ எடுக்கும் வசதியுடன் வந்த முதல் டி.எஸ்.எல்.ஆர்., 2008-ல் வெளியான நிக்கான் டி90. அதில் எச்.டி. வீடியோவை ஒரு தடவைக்கு 5 நிமிடம்தான் எடுக்க முடியும். நான்கே ஆண்டுகளில், 2012-ல், பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' கேனன் 7டி கேமராவில் எடுக்கப்பட்டு தியேட்டருக்கு வந்தது. அந்தக் கேமராவின் சென்சாரும் உங்கள் ஆரம்பநிலைக் கேமராவின் சென்சாரும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தியேட்டர் திரைக்குப் போதுமான படம் நம் வீட்டு டிவிக்குப் போதாதா?

மொபைல் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நடந்துகொண்டே எடுக்க போன்தான் வசதி. ஆனால் மங்கிய வெளிச்சத்தில், ஒருவரை உட்கார வைத்து, பின்னணி மங்கலாகத் தெரிய எடுக்க டி.எஸ்.எல்.ஆர். நல்லது.

எதை எடுப்பது?

ஸ்ரீரங்கத்தில் கேமரா வாங்கியவர்கள் முதலில் எடுப்பது ராஜகோபுரத்தைத்தான். எடுங்கள், தவறில்லை. கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகத் திருப்பினால் கோபுரம் சாய்ந்தது போலத் தெரியும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதே இதற்குக் காரணம்.

ஆனால் 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த 236 அடி கோபுரம் அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். உங்கள் பாட்டி அக்காரவடிசிலுக்குப் பால் எந்தப் பதத்தில் குறுக வேண்டும் என்று சொல்வதை உங்களைத் தவிர வேறு யாரும் பதிவு செய்யப் போவதில்லை. எழுத்தாளர் சுஜாதா தம் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் அந்தத் தெருக்களில் வாழ்ந்த மனிதர்களை எழுதி வைத்தார். நம்மால் அப்படி எழுத முடியாது. கேமராவை வைத்துவிட்டுப் பேசச் சொல்ல முடியும் அல்லவா?

அங்கேதான் சிக்கல். 2018-ல் வந்த கேனன் 1500டி, நிக்கான் டி3500 இரண்டிலுமே தனி மைக் செருகும் வசதி கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மைக், லென்ஸ் மோட்டார் ஓடும் சத்தத்தையும் சீலிங் ஃபேன் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டி சொன்னது கேட்கவில்லை என்றால் எடுத்ததில் என்ன பயன்?

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ரெக்கார்டரை இயக்கி, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். கேமராவும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு ஒலிகளிலும் அந்தக் கைதட்டல் கூர்மையான முள் போலத் தெரியும். இரண்டையும் நேராகப் பொருத்தி, கேமராவின் ஒலியை மியூட் செய்தால் வேலை முடிந்தது. பத்து பத்து நிமிடமாக எடுங்கள். நீண்ட நேரம் ஓடினால் உதட்டசைவும் ஒலியும் கொஞ்சம் விலகலாம். பிறகு பணம் இருந்தால் சட்டையில் குத்தும் காலர் மைக் ஒன்றை வாங்கி போனில் இணைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

மெனுவில் வீடியோ முறையை 'பால்' என்று வைத்து 25 பிரேம் தேர்ந்தெடுங்கள். ஷட்டரை 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து போகஸ் செய்தபின் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பல ஆரம்பநிலைக் கேமராக்களில் ஆட்டோ போகஸ் பேச்சின் நடுவே தடுமாறும்.

கம்ப்யூட்டரில்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இத்தகைய கேமராவில் புல் எச்.டி. வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 340 எம்.பி. பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 20 ஜிபி. லேப்டாப்பில் 256 ஜிபி மட்டுமே இருந்தால் சில திருவிழாக்களிலேயே நிரம்பிவிடும்.

எடிட்டிங் சாப்ட்வேருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டும் இலவசம். கம்ப்யூட்டர் திணறினால் இவற்றில் உள்ள 'பிராக்ஸி' வசதியைப் பயன்படுத்துங்கள். சாப்ட்வேர் ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சிறிய நகல் செய்துகொள்ளும். நீங்கள் நகலில் வெட்டி ஒட்டலாம். கடைசியில் வீடியோ ஒரிஜினலிலிருந்தே தயாராகும்.

எடிட் முடிந்ததும் இடம் போதவில்லை என்று ஒரிஜினல் பைல்களை அழிப்பவர்கள் பலர். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இன்று வேண்டாம் என்று வெட்டிய ஒரு சிரிப்பைப் பத்து வருடம் கழித்துத் தேடுவீர்கள். புது லென்ஸ் வாங்கும் பணத்தில் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். இரண்டிலும் ஒரே பைல்களைக் காப்பி செய்து, ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றாவது ஒருநாள் பழுதாகும். இரண்டும் ஒரே நாளில் பழுதாவது அரிது.

புதிய மாடல்கள் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே மூத்தவரை உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். இருக்கும் கேமராவிலேயே எடுத்துப் பாருங்கள்.