பெட்டி நம் பொறுப்பு, பை யார் பொறுப்பு?

மாதம் முழுவதும் செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்து, பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கும்போது முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் இமைக்காமல் கவனித்து, கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டு வாதாடிய நாம், இன்று வாரந்தோறும் வாசலில் வந்து இறங்கும் பார்சல் பெட்டிகளை, அவையும் காகிதமே என்ற பிரக்ஞையின்றி, சாம்பார் மீதியும் வாழைப்பழத் தோலும் கிடக்கும் தொட்டிக்குள் திணித்துவிடுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டி அற்பமான வஸ்து அன்று. இரண்டு தட்டையான தாள்களுக்கு நடுவே நெளிநெளியான ஒரு தாளை ஒட்டிச் செய்யப்படும் அது, நம் நாட்டில் பெரும்பாலும் பழைய பெட்டிகளைக் கூழாக்கியே பிறக்கிறது. அதன் நார்கள் தேய்ந்து குட்டையாகும் வரை ஐந்தாறு முறையேனும் மறுபடி பெட்டியாகும் யோக்கியதை அதற்கு உண்டு. கோவை, உடுமலை வட்டாரத்துக் காகித ஆலைகள் பலவற்றுக்கு இந்தப் பழைய அட்டைதான் ஜீவாதாரம். உள்நாட்டில் சேகரமாவது போதாமையால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜனங்கள் கழித்துப் போட்ட பெட்டிகளை இந்திய ஆலைகள் பணம் கொடுத்துக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருக்க, நம் வீட்டுப் பெட்டி சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் ஈரத்தோடு ஈரமாக மட்கிக் கிடக்கிறது. இதைவிடப் பரிதாபமான வியாபாரம் ஒன்று இருக்குமா?

நீரும் எண்ணெயும்தான் அட்டையின் சத்துருக்கள். காலையில் பழைய பேப்பர் கடையில் விலைபோகக்கூடிய பெட்டி, குழம்பில் நனைந்துவிட்டால் மாலையில் யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது. ஈரக் குப்பையையும் உலர் குப்பையையும் வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டுமென்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் சொன்னதன் தாத்பரியம் இதுவே. டேப்பை உரித்து, பெட்டியைத் தட்டையாக மடித்து, கட்டிலுக்கடியில் செருகி வைக்க இரண்டு நிமிஷம் போதும். பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட சீட்டைக் கிழித்துவிடுவது தனி லாபம். அதை அப்படியே தெருவில் விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவன் நம் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கிறானே என்று அங்கலாய்ப்பதில் பிரயோஜனமில்லை.

அதே பார்சல்களில் வரும் பிளாஸ்டிக் பையின் சமாசாரம் வேறு. காற்றாய்க் கனக்கும் அந்தப் பையைப் பழைய பேப்பர்காரர் தொடமாட்டார். தராசில் அதற்கு எடையே இல்லை. வெளியே காகிதமும் உள்ளே குமிழ் பிளாஸ்டிக்குமாகப் பிரிக்க முடியாதபடி ஒட்டிய உறையோ, காகித ஆலைக்கும் உதவாது, பிளாஸ்டிக் ஆலைக்கும் உதவாது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தூக்குப்பைக்குத் தமிழக அரசு தடை விதித்ததால், அரைக் கிலோ தக்காளிக்கு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அதே குடும்பத்துக்கு, ஒரு நகப்பூச்சுக் குப்பி பைக்குள் பையாக வந்து சேர்வதை எந்த நியாயத்தில் அடக்குவது? பெரிய இணைய விற்பனைக் கம்பெனிகள் தங்கள் கிடங்குகளில் பிளாஸ்டிக்கைக் குறைத்து, காகித அடைப்பான்களுக்கு மாறியது மெச்சத்தக்கதே. ஆயினும் அந்தத் தளங்களில் கடை விரித்து, தாமே பொட்டலம் கட்டி அனுப்பும் எண்ணற்ற விற்பனையாளர்களின் பைகள் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் உறையைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்பது 2016 முதல் சட்டம். 2022இல் அதற்கு விரிவான நெறிமுறைகளும் வந்துவிட்டன. ஏட்டளவில் அந்தக் கணக்கு எப்படித் தீர்க்கப்பட்டாலும், என் வீட்டில் கிடக்கும் பையைக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. பிடிக்காத சட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மறுநாளே ஆள் அனுப்பும் ஸ்தாபனங்கள், அந்த ஆளிடமே பழைய பைகளையும் வாங்கிவரச் சொல்வது அசாத்தியம் என்று வாதித்தால், அந்த வாதத்தை அரசாங்கம் ஏற்கவே கூடாது.