கிரயமா, குத்தகையா?

குத்தகைக்கும் கிரயத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. போடிமெட்டுக்கு அப்பால், ஏலமலைச் சரிவுகளில் தோட்டம் செய்வோரில் பலர் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவர்கள். பத்திரத்தின் ஒரு சொல் தலைமுறையையே மாற்றிவிடும் என்று அறிந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தாம், நம் வகுப்பில் அமர்ந்து கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கித் தருகையில், எதிர்வரும் ஒப்பந்தத்தைப் படியாமலே 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிடுகிறார்கள்.

பங்களிப்பாளர் ஒப்பந்தம் எனப்படும் அது இருவகைப்படும். ஒன்றில் உரிமை நம்மிடமே நிற்கும். பயன்படுத்தும் அனுமதியை மட்டும் தருகிறோம். இது குத்தகை. மற்றதில் படைப்புரிமையையே எழுதிக் கொடுக்கிறோம். இது கிரயம். ஆனால் குத்தகையிலும் 'வேறு உரிமத்தில் வெளியிடலாம்' என்றொரு வரி இருந்தால், அது பெயரளவிலேயே குத்தகை. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023இல் தன் டெராஃபார்ம் மென்பொருளைக் கட்டற்ற உரிமத்திலிருந்து கட்டுப்பாடுள்ள உரிமத்திற்கு மாற்றியது இத்தகைய ஒப்பந்தத்தின் துணையால்தான்.

ஓப்பன் ஆபிஸுக்கு எழுதியோர் சன் நிறுவனத்திற்குக் கூட்டுரிமை எழுதித் தந்தனர். 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்குப் போயிற்று. கூட்டுரிமையும் உடன் போயிற்று. அவ்வாண்டே பலர் பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினர். அங்கே உரிமையை எழுதித் தர வேண்டியதில்லை.

எழுதி வாங்குவோர் அனைவரும் ஏய்ப்போர் அல்லர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் குனு மென்பொருள்கள் சிலவற்றிற்கு எழுதி வாங்குகிறது. வழக்கு வந்தால் உரிமையாளர் ஒருவராய் இருப்பது வலிமை என்பது அதன் வாதம். அந்த ஆக்கத்தைக் கட்டற்றதாகவே வைத்திருப்போம் என்று பதிலுக்கு உறுதியும் தருகிறது. கிரயத்திலும் இப்படியொரு நிபந்தனை இருக்கலாம்.

நம் நாட்டுச் சட்டம் எழுதுவோர்க்கு ஒரு வேலி இட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, காலம் குறிக்காத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும். எல்லை குறிக்காதது இந்தியாவுக்குள்ளேயே செல்லும். 'என்றென்றைக்கும், உலகெங்கும்' என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் அவ்வேலி அங்கே இல்லை.

கொடுக்க வேண்டா என்பதன்று நம் கருத்து. உழைப்பைப் பொதுவில் வைப்பது நல்லறமே. ஆயினும் மாணவர்கள் மூன்றைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பட்டும்: இது குத்தகையா, கிரயமா? உரிமத்தைப் பின்னாளில் மாற்ற இயலுமா? நிறுவனம் கைமாறினால் நம் வாக்குறுதி யாரோடு போகும்? காணி நிலத்துப் பத்திரத்தை நாலு பேரிடம் படித்துக் காட்டாமல் நாம் ஒப்பமிடுவதில்லை. சொல்லும் உழைத்துச் சேர்த்த சொத்துத்தானே?