அன்று சோதிக்க வந்தார்கள், இன்று சுத்தம் செய்ய வரட்டும்!

தோழர்களே, 1970 இல் ஆய்வாளர்கள் நமது தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்தார்கள். 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பல் வைத்தியம் எட்டாதவர்கள் என்பதாலேயே நம்மவர்களைத் தெரிவு செய்தார்கள். பல்லில் இறுகும் காறையை அகற்றாவிட்டால் பலருக்கு ஈறு கரைந்து பல் ஆடக்கூடும் என்பதை உலகம் நம் வாயைப் பார்த்துப் படித்தது. நமக்கு என்ன கிடைத்தது?

இறுகிய காறை பிரஷுக்குப் போகாது. பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசில்லை. ஆனால், போனால் அன்றைய பேர் போய்விடுகிறது. ஆகவே நடமாடும் பல் வைத்தியப் பிரிவு தோட்டத்துக்கே வர வேண்டும். அன்று சம்பளம் வெட்டக்கூடாது. இதை நிர்வாகத்திடம் கேட்போம். வெற்றிலை, பொயிலையை நாமும் குறைப்போம்.