நூல் நிலையமும் விண்ணப்பமும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் ஆண்டாளைத் தரிசிப்பார்கள். பால்கோவாவும் வாங்கிக் கொள்வார்கள். 1875-ல் ஏற்பட்ட பென்னிங்டன் நூல் நிலையத்தை எட்டிப் பார்ப்பவர் சிலரே. பக்கத்து ராஜபாளையத்திலோ, ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அவர் முதல் மந்திரியாயிருந்தபோதுதான், 1948-ல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் 1950-ல் அமலுக்கு வந்தது. வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரி அச்சட்டத்தின் வழி வந்ததே. ஆனால் அவ்வரி பெரும்பாலும் சர்க்கார் நூலகங்களுக்கே போகிறது. ஊரார் நடத்தும் நிலையங்கள் நன்கொடையையும் மானியத்தையுமே நம்பியிருக்கின்றன.

கல்கத்தாவில் 1972-ல் நிறுவப்பெற்ற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை இத்தகைய நிலையங்களுக்கும் உதவுகிறது. விண்ணப்பம் எழுதுவோர் பலர் ஸ்தாபகரின் புகழில் மூன்று பக்கம் செலவிட்டு, தேவையை ஒரே வரியில் முடித்து விடுகிறார்கள். பணம் தருகிறவர் கேட்பதோ வேறு: தினம் எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் மாணவர் எத்தனை, எந்த பீரோவைக் கறையான் அரித்தது, சென்ற ஆண்டுக் கணக்கு தணிக்கையாயிற்றா? வருகைப் புத்தகமே இல்லாத நிலையம் இதற்கு என்ன பதில் எழுதும்? கமிட்டியார் முதலில் அந்த நோட்டை வாங்கி மேஜைமேல் வைக்கட்டும். மறவாமல் ஒரு பென்ஸிலையும் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இரவல் போய்விடும்!