இயந்திரம் பிழை செய்யாதென்ற அனுமானம்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பிரதேசத்தில், சவுத் வார்ன்பரோ என்னும் சிற்றூரில், சிறு கடையொன்றின் ஒரு பக்கத்தில் தபால் நிலையத்தையும் நடத்திவந்த ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி, 2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, கையிலிருந்த ரொக்கம் கணினி காட்டிய இருப்பைவிட இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் குறைந்திருப்பதைக் கண்டார். உதவிக்கென்று தரப்பட்டிருந்த தொலைபேசி எண்ணை அழைத்து, மறுமுனையில் இருந்தவர் சொல்லச் சொல்ல விசைகளைத் தட்டினார். தட்டி முடித்தபோது அந்தப் பற்றாக்குறை அவருடைய கண்ணெதிரே இரட்டித்து நின்றது. எப்படி இரட்டித்தது என்பதை விளக்க ஒருவரும் முன்வரவில்லை. ஆயினும் அதை அவர் தம் கைப்பணத்திலிருந்து கட்டியாக வேண்டும் என்பதில் மட்டும் தபால் ஸ்தாபனத்துக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அவர் கட்டினார்; வீட்டை அடமானம் வைத்தும் கட்டினார்; பற்றாக்குறையோ வளர்ந்துகொண்டே போய், கடைசியில் முப்பத்தாறாயிரம் பவுண்டைக் களவாடியவர் என்ற பழியைச் சுமந்து அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது.

இது ஒரு பெண்மணிக்கு நேர்ந்த தனி விபத்தாக இருந்திருந்தால், தூரதேசத்துத் துயரக் கதை என்று கேட்டு இரங்கிவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடலாம். ஆனால், 'ஹொரைசன்' என்று பெயரிடப்பட்ட கணக்குக் கணினி முறையைப் பிரிட்டிஷ் தபால் நிலையங்களில் 1999-ஆம் ஆண்டிலிருந்து புகுத்திய காலம் தொடங்கி 2015 வரையில், அது காட்டிய பொய்யான பற்றாக்குறைகளை ஆதாரமாகக் கொண்டு திருடர் என்றும், மோசடிக்காரர் என்றும், கள்ளக்கணக்கு எழுதியவர் என்றும் தீர்ப்பளிக்கப்பட்டவர்களின் தொகை தொள்ளாயிரத்தைத் தாண்டும். அவர்களில் சுமார் எழுநூறு பேர்மீது வழக்குத் தொடுத்தது போலீஸும் அல்ல, ராஜாங்க வழக்கறிஞர் இலாகாவும் அல்ல, தபால் ஸ்தாபனமேதான். ஒரு தேசத்தின் சமீபகால சரித்திரத்தில் நீதி இவ்வளவு பரவலாகவும் இவ்வளவு நீண்ட காலமாகவும் தவறியதில்லை என்று அந்நாட்டாரே ஒப்புக்கொள்ளும் இந்த விவகாரத்தில், புதிய இயந்திரம் ஒவ்வொன்றையும் ஆரத்தியெடுத்து வரவேற்கும் இக்காலத்தில் வாழ்கிற நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

அந்நாட்டில் சப்-போஸ்ட்மாஸ்டர் என்பவர் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர் அல்லர். சொந்தப் பணத்தைப் போட்டுக் கடையை வாங்கி, தபால் ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, முதியோருக்கு ஓய்வூதியம் கொடுப்பதும் தபால்தலை விற்பதும் பணம் பெற்றுக்கொள்வதுமாகக் கமிஷனுக்கு உழைக்கிற சிறு வியாபாரி அவர். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தினர் பலரும் இத்தொழிலில் இருந்தார்கள். ஊராரின் பணம் கையில் புழங்கும் இடத்தில் உட்காருகிறவருக்கு நாணயம் ஒன்றே மூலதனம். அப்படிப்பட்டவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ, அவர்களுடைய கவனக்குறைவாலும் பிழையாலும் நேரும் நஷ்டத்துக்கு அவர்களே பொறுப்பு என்றது. அதைக் காரணம் எதுவாயினும் குறைகிற தொகையையெல்லாம் கட்டியே தீரவேண்டும் என்பதாகத் தபால் ஸ்தாபனம் நடைமுறையில் திரித்துக்கொண்டது. ஆனால் அந்த நஷ்டம் உண்மையில் நேர்ந்ததா, அன்றி இயந்திரத்துக்குள் பிறந்த வெறும் எண்ணா என்று ஆராய்ந்து பார்ப்பதற்கு வேண்டிய தகவல்கள் அவர்கள் கைக்கு எட்டவில்லை; அவையெல்லாம் தபால் ஸ்தாபனத்திடமும், அந்த முறையை அமைத்துப் பராமரித்த புஜித்ஸு கம்பெனியிடமும் இருந்தன.

உதவி கேட்டு அழைத்தவர்களுக்கு ஒரு பதில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: இந்தக் கஷ்டம் உங்களுக்கு மட்டுந்தான், வேறு யாரும் குறை சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் பேசப்பட்ட பொய்களுக்குள் மிகக் கொடியது இதுவே என்று நான் கருதுகிறேன். பணத்தை இழந்தவன் கடன் வாங்கியாவது பிழைப்பான்; தன் அறிவின்மீதே சந்தேகங்கொண்டு, தன் மனைவி மக்களையும் கடைச் சிப்பந்தியையும் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கியவனுக்கோ உள்ளிருந்தே வாழ்க்கை சிதைந்துபோகிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே காலத்தில் ஒரே வேதனையை அனுபவித்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவரும் தாம் ஒருவரே அதை அனுபவிப்பதாக எண்ணித் தலைகுனிந்திருக்கும்படி செய்துவிட்ட பிறகு, அதிகாரத்துக்கு வேறு காவல் எதற்கு?

அந்த அதிகாரம் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். பணத்தை இழந்ததாகச் சொல்லும் வாதியும் தபால் ஸ்தாபனம். விசாரணை செய்யும் அதிகாரிகளும் அதன் சிப்பந்திகள். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் வக்கீல்களும் அதனிடமே ஊதியம் பெறுகிறவர்கள். தீர்ப்பின் பயனாக வசூலாகும் தொகை போய்ச் சேர்வதும் அதனுடைய பெட்டியில். தனியாரும் குற்றவியல் வழக்குத் தொடரலாம் என்று இங்கிலாந்தின் சட்டம் அளித்த பழைய உரிமை, வலியவர்களுக்கு எதிராக எளியவர்களுக்கும் வழி இருக்கட்டும் என்பதற்கு உதவக்கூடிய உரிமை, அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு பெரும் ஸ்தாபனத்தின் கையில் எளியவர்களை நசுக்கும் கருவியாக மாறியது. கையாடல் குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம், கள்ளக்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டு பணத்தையும் கட்டிவிடு, இயந்திரத்தின்மீது மட்டும் பழி சொல்லாதே என்பதாகப் பலருடன் பேரம் பேசப்பட்டது. சிறைக்கு அஞ்சி, செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர்களில் ஜோ ஹாமில்டனும் ஒருவர்.

நியாயஸ்தலங்களாவது இதைத் தடுத்திருக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். தடுத்திருக்கக்கூடிய சட்டம் ஒன்று இருந்தது. கணினி தரும் சாட்சியத்தைக் குற்ற வழக்கில் ஏற்க வேண்டுமானால், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்தது என்பதை வழக்குத் தொடுத்தவரே நிலைநாட்ட வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டின் சட்டத்தில் 69-ஆம் பிரிவு விதித்திருந்தது. அது நடைமுறைக்குச் சிரமமானது, அநாவசியமானது என்று கருதி, 1999-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தினால் அப்பிரிவை நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு, மாறானதற்கு அத்தாட்சி காட்டும்வரையில் கணினி சரியாகவே இயங்கியதாகக் கொள்ள வேண்டும் என்ற அனுமானம் அரியணை ஏறியது. ஹொரைசன் தேசமெங்கும் பரவியதும் அதே காலத்தில்தான்.

ஒரு கடிகாரம் கெட்டுப்போனால் நிற்கும், அல்லது பிந்தும்; பார்த்தவுடனே தெரியும். கணினியின் நிரலில் உள்ள பிழையின் சுபாவம் வேறு. பத்தாயிரம் முறை செம்மையாகக் கணக்கிட்டு, பத்தாயிரத்தோராவது முறை, தொலைபேசித் தொடர்பு அறுந்த ஒரு கணத்திலோ, ஒரு விசையை இருமுறை அழுத்திய வேளையிலோ, பொய்க் கணக்கைக் காட்டிவிட்டு, திரையில் அதே பழைய சாந்தமான முகத்தோடு அது நிற்கும். அதை உபயோகிக்கிறவருக்குப் பிழை இருப்பதே தெரியாதபோது, பிழையை நிரூபிக்கும் பாரத்தை அவர் தலையில் ஏற்றுவது நியாயமாகுமா? மனிதன் நிரபராதி என்ற அனுமானத்தைப் பல நூற்றாண்டுகள் பாடுபட்டு வளர்த்த ஒரு தேசம், அந்தப் பாதுகாப்பை மனிதனிடமிருந்து பறித்து இயந்திரத்துக்கு அளித்துவிட்டது.

அதன் பலனை இரண்டு உதாரணங்களால் அறியலாம். பிரிட்லிங்டன் நகரத்தில் தபால் நிலையம் நடத்திய லீ காசில்டன், தொண்ணூற்றொரு முறை உதவி எண்ணை அழைத்து முறையிட்டவர்; சுமார் இருபத்தையாயிரம் பவுண்டுப் பற்றாக்குறைக்காகத் தொடுத்த சிவில் வழக்கில், வக்கீல் வைக்க வசதியின்றித் தாமே வாதாடித் தோற்று, 3,21,000 பவுண்டு செலவுத்தொகையும் கொடுக்குமாறு 2007-இல் உத்தரவாகி, திவாலானார். வெஸ்ட் பைஃப்லீட் ஊரின் சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டைத் திருடியதாகக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2010 நவம்பரில், கர்ப்பவதியாக இருந்த நிலையில், தம் மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாளன்று பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இந்தத் தீர்ப்பைக் கண்டு இனி மற்றவர்களும் ஹொரைசனைக் குறைகூறத் துணியமாட்டார்கள் என்று தபால் ஸ்தாபனத்தின் வக்கீல் ஒருவர் உள்கடிதத்தில் மகிழ்ந்து எழுதினார். ஒரு கர்ப்பிணி சிறை செல்வதை எச்சரிக்கைப் பலகையாகப் பயன்படுத்தலாம் என்று நினைக்கும் அளவுக்கு அந்த மனிதர்களின் நெஞ்சம் எப்போது வறண்டது?

அறியாமல் செய்த பிழை என்று இதை மன்னித்துவிடவும் வழியில்லை. கிளைகளின் கணக்கைத் தொலைவிலிருந்து யாரும் மாற்ற முடியாது என்று தபால் ஸ்தாபனம் பல ஆண்டுகள் சாதித்தது; புஜித்ஸுவின் பிராக்னெல் அலுவலகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ரோல் என்பவர், மாற்ற முடியும், கிளைக்காரர் அறியாமலே மாற்றியும் இருக்கிறோம் என்று பின்னர் வெளியிட்டார். 2012-இல் தபால் ஸ்தாபனமே நியமித்த 'செகண்ட் சைட்' என்ற தணிக்கையாளர்கள் மறுவருஷமே பிழைகளைச் சுட்டினார்கள். 2013 ஜூலையில், தபால் ஸ்தாபனத்துக்குச் சட்ட ஆலோசனை கூறிவந்த பாரிஸ்டரான சைமன் கிளார்க், வழக்குகளில் கணினிக்காகச் சாட்சி சொல்லிவந்த புஜித்ஸு நிபுணர் தாம் அறிந்த பிழைகளை நியாயஸ்தலத்துக்குச் சொல்லாமல் விட்டார் என்று எழுத்து மூலம் எச்சரித்தார். அடுத்த மாதத்தில், பிழைகளைப் பற்றிய கூட்டக் குறிப்புகளைக் கிழித்தழிக்கும்படி சொல்லப்பட்டதாகக் கேள்வியுற்று மீண்டும் எச்சரித்தார். இவ்வளவும் தெரிந்த பிறகும், 2015-இல் அதன் தலைவி பாலா வெனல்ஸ், அநீதி இழைக்கப்பட்டதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை என்று பாராளுமன்றக் குழுவின் முன் கூறினார்.

இந்தக் கோட்டையை எதிர்த்து முதலில் நின்றவர், வேல்ஸ் தேசத்து லாண்டுட்னோ நகரின் அருகே தபால் நிலையம் நடத்திய ஆலன் பேட்ஸ். கணக்குக்கு ஆதாரம் காட்டினால் கட்டுகிறேன் என்று சொல்லி ஒப்பந்தத்தை இழந்த அவர், 2009-இல் பாதிக்கப்பட்டோரின் சங்கத்தை அமைத்தார். அவ்வருஷம் மே மாதத்தில் இவ்விஷயத்தை விரிவாக வெளிப்படுத்திய பத்திரிகை எது என்பது கவனிக்கத்தக்கது. அது கணினித் தொழிலுக்கென்றே நடந்துவந்த 'கம்ப்யூட்டர் வீக்லி'. இயந்திரத்தின் உள்ளே கைவைத்துப் பழகியவர்களுக்கு அது பிழைசெய்யும் என்பதில் ஆச்சரியம் இல்லை. அதைத் தெய்வமாக்கியவர்கள், விளம்பரத்தையும் விலைப்பட்டியலையும் மட்டும் பார்த்தவர்களே.

பேட்ஸின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர், ஹொரைசனில் பிழைகள் இருந்தன, அவை கணக்கைக் கெடுத்தன என்று தீர்ப்பளித்தார். அதற்கு முன்பே, பாரபட்சமானவர் என்று சொல்லி அந்த நீதிபதியையே விலகச் சொல்லி மனுச் செய்யவும் தபால் ஸ்தாபனம் கூசவில்லை. சமாதானமாகக் கிடைத்த 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டில், வழக்கை நடத்தப் பணம் போட்டவர்களுக்கும் வக்கீல்களுக்குமாக நான்கரைக் கோடிக்கு மேல் போக, ஆளுக்குச் சுமார் இருபதாயிரமே மிஞ்சியது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முப்பத்தொன்பது பேரின் தண்டனையை ரத்துச் செய்து, அவர்கள்மீது வழக்குத் தொடுத்ததே பொதுமனச்சாட்சிக்கு இழுக்கு என்றது. எனினும், 2024 ஜனவரியில் இந்த விவகாரத்தைச் சித்திரித்த ஒரு தொலைக்காட்சி நாடகம் தேசத்தை உலுக்கிய பின்னரே, வெனல்ஸ் தமக்களிக்கப்பட்ட விருதைத் திருப்பிக் கொடுத்ததும், மே மாதத்தில் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி எஞ்சிய தண்டனைகளில் பெரும்பாலானவற்றை ஒருசேர நீக்கியதும் நிகழ்ந்தன. 2025 ஜூலையில் வெளியான நீதிபதி வின் வில்லியம்ஸின் விசாரணை அறிக்கை, குறைந்தது பதின்மூன்று பேர் இதன் காரணமாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்கிறது. அவர்களை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது.

புதுமையைச் சந்தேகிக்கிறவர்களைப் பிற்போக்காளர் என்றும் எதிலும் நம்பிக்கையில்லாதவர் என்றும் ஏளனம் செய்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. கம்பெனிகள் எழுதித் தரும் அறிவிப்புகளைச் செய்தியென்று அச்சிடும் பத்திரிகைகளும் இந்த மயக்கத்தை வளர்க்கின்றன. பெரும் வியாபாரமும் பெரும் அதிகாரமும் ஓர் இயந்திரத்தின் பின்னே சேர்ந்து நின்றுகொண்டு, அது சொல்வதே சத்தியம் என்று பேசும்போது, 'ஆதாரம் காட்டு' என்று கேட்கும் அவநம்பிக்கை குடிமகனின் தர்மம் என்றே நான் சொல்வேன். அந்தத் தர்மத்தைச் சட்டத்திலும் எழுதிவைக்க வேண்டும். இயந்திரத்தைச் சாட்சியாகக் கொண்டுவருகிறவனே அதன் யோக்கியதையை நிரூபிக்கக் கடமைப்பட்டவன். அதன் பிழைப் பதிவேடுகள் முழுவதும் எதிராளியின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். நஷ்டப்பட்டதாகச் சொல்லும் ஸ்தாபனமே விசாரணையும் வழக்கும் நடத்தலாகாது. உண்மையை மறைத்தவர்கள், ஸ்தாபனத்தின் பெயருக்குப் பின்னே ஒளியாமல், தனித்தனியே பதில் சொல்ல வேண்டும்.

ஜோ ஹாமில்டன் தண்டனைக்காக நியாயஸ்தலத்தில் நின்ற அன்று, சவுத் வார்ன்பரோவின் மக்கள் திரளாக வந்து அவருக்கு ஆதரவாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் கட்ட வேண்டிய தொகைக்கும் தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஹொரைசனின் நிரலைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தங்கள் கையில் நாள்தோறும் சில்லறை எண்ணிக் கொடுத்த பெண்மணியை அவர்களுக்குத் தெரியும். அவர்கள் அறிந்ததே உண்மை என்று ஒப்புக்கொள்வதற்கு அந்தத் தேசத்தின் நீதிக்கு அன்றிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன.